பயறு ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர்கள்: கிர்க்ஹவுஸ் டிரஸ்டும் மற்றவர்களும், ஒரு பிரீடரின் மதிப்பீடு

கிர்க்ஹவுஸ் டிரஸ்ட் என்ற பெயரைப் பயறு ஆராய்ச்சிக்கு வெளியே இருப்பவர்கள் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிரிட்டனில் இருந்து இயங்கும் சிறிய அறக்கட்டளை அது. வளரும் நாடுகளில் பயறு வகைப் பயிர்களை மேம்படுத்தும் ஆராய்ச்சிக்கு நிதி தருவதுதான் அதன் முக்கிய வேலை. கோதுமை, நெல், மக்காச்சோளம் பக்கமே அது திரும்புவதில்லை. நான் பயறு பிரீடராக, அதாவது புதுப் பயறு ரகங்களை உருவாக்குபவனாக வேலை பார்த்தவன். பலவித நிதிகளில் வேலை செய்திருக்கிறேன், இவர்களிடம் மட்டும் வாங்கியதில்லை. அதனால் நன்றிக்கடனும் இல்லை, மனக்குறையும் இல்லை. இவர்கள் நிதியில் வந்த ரகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் நீண்ட நாளாகக் கவனித்து வருகிறேன். இன்று இந்தத் துறையில் பணம் தருபவர்களில் ஒரு பிரீடருக்கு உண்மையிலேயே உதவும் சேவை எது என்று கேட்டால், என் பதில் இந்தச் சின்ன அறக்கட்டளைதான். ஏன் என்று சொல்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்து ஒரு சவ்வில் படியவைத்து அடையாளம் காணும் 'சதர்ன் பிளாட்' முறையை உயிரியல் படித்த எல்லோரும் பாடத்தில் படித்திருப்போம். 1975-இல் அதை வெளியிட்ட எட்வின் சதர்ன்தான் இந்த டிரஸ்டைத் தொடங்கியவர். பிறகு அவர் ஒரே சில்லில் ஏராளமான மரபணுக்களைச் சோதிக்கும் மைக்ரோஅரே தொழில்நுட்பத்தில் வேலை செய்து, 1995-இல் ஆக்ஸ்போர்டு ஜீன் டெக்னாலஜி என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் ஈட்டிய வருமானத்தில் இருந்து 2000-இல் பிறந்ததுதான் கிர்க்ஹவுஸ். நிதியின் மூலம் எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. வருடாவருடம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் அமைப்பு, வருடாவருடம் எதையாவது சாதித்ததாகக் காட்ட வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் மாறும் அரசு நிதி, தேர்தலுக்குள் முடிகிற வேலையையே விரும்பும். இவர்களுக்கு அந்த இரண்டு நெருக்கடியும் குறைவு. பயறு போன்ற மெதுவான பயிருக்கு இப்படிப்பட்ட பணம்தான் தேவை.

மெதுவான பயிர் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கிராஸ் போடுவதில், அதாவது இரண்டு ரகங்களைக் கலப்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன். தட்டைப்பயறு பூ விடிந்ததும் மலர்ந்து, மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மலர்வதற்கு முன்பே தன் மகரந்தம் தன் சூல்முடியில் பட்டுவிடும். அதனால் மறுநாள் மலரப்போகிற மொட்டை முந்தைய மாலையே தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சம் சின்ன மொட்டாக எடுத்தால் தாங்காது. கொஞ்சம் பெரிதாக எடுத்தால் உள்ளே காரியம் முடிந்திருக்கும். மொட்டை இடது கையில் பிடித்து, பெரிய இதழின் மேல்விளிம்பை ஊசியால் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தத் தாள்களையும் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்பது ஒட்டியிருக்கும், ஒன்று தனியாக நிற்கும், அந்தத் தனி ஒன்றுதான் தப்பிவிடும். சூல்முடி கீறப்பட்டால் பூ உதிர்ந்துவிடும். மறுநாள் காலை ஆண் செடியின் புதுப் பூவைக் கொண்டுவந்து தடவி, நூல் கட்டி, சீட்டு எழுத வேண்டும். பெரும்பாலான பூக்கள் அப்படியும் உதிரும். பிடித்த காயில் இருக்கும் விதைகள்தான் அடுத்த பத்து வருட வேலைக்கு மூலதனம்.

அந்த விதையை விதைத்தால் முதல் தலைமுறை. அதன் விதையில் இரண்டாம் தலைமுறை, அங்கேதான் குணங்கள் பிரியத் தொடங்கும். ஐந்தாம், ஆறாம் தலைமுறை வரை பொறுக்கிப் பொறுக்கி எடுத்த பிறகே வரிசைகள் ஒரே மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு விளைச்சல் சோதனை, பல இடச் சோதனை, விவசாயிகள் வயலில் சோதனை, ரக வெளியீட்டுக் குழு, பிறகு விதைப் பெருக்கம். மழையை நம்பி ஒரே போகம் எடுக்கும் இடமென்றால் கணக்கு இன்னும் நீளும். எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் என்பது சோம்பேறித்தனம் இல்லை. செடி அவ்வளவு நேரம் கேட்கிறது.

இதற்கு உலகம் முழுக்கப் பொதுவாகக் கிடைக்கிற நிதி எத்தனை வருடத்துக்கு? மூன்று வருடம். எனக்கு ஒரு அமைப்பு நிதி தந்தது, பெயர் வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தானது ஒரு போகம் தொடங்கும் முன். பணம் வந்து சேர்ந்தபோது அந்தப் போகம் முடிந்திருந்தது. நான்காம் தலைமுறை வயலில் நின்றபோது திட்டம் முடிந்தது. இறுதி அறிக்கையில் 'வெளியிடப்பட்ட ரகங்கள்' என்று ஒரு கட்டம், அதில் எண் போடச் சொன்னார்கள். இரண்டாம் கட்ட நிதிக்கு விண்ணப்பித்தால், இந்த முறை கருப்பொருள் மாறிவிட்டது, சத்துணவு பற்றி ஏதாவது கொண்டுவாருங்கள் என்று பதில். பொறுக்கி வைத்திருந்த வரிசைகளைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு அறையின் ஓரத்தில் அடுக்கினோம். குளிர்சாதனம் இல்லாத அறையில் பயறு விதையின் முளைப்புத்திறன் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், பயறு வண்டு அதற்குக்கூடக் காத்திருக்காது. இப்படி வீணான வரிசைகள் வளரும் நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அதனால்தான் பயறுக்கு யாராவது பணம் தருகிறேன் என்று முன்வந்தால் நான் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை, எத்தனை வருடம் என்றுதான் பார்க்கிறேன்.

சரி, கம்பெனிகள் இதைச் செய்யாதா என்று கேட்பார்கள். செய்யாது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பயறு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரு முறை நல்ல விதை வாங்கிய விவசாயி, அடுத்த வருடத்துக்குத் தன் களத்திலேயே விதை எடுத்து வைத்துக்கொள்வார், குணம் மாறாது. மக்காச்சோளக் கலப்பின விதை மாதிரி வருடாவருடம் கடைக்கு வரவேண்டியதில்லை. விவசாயிக்கு நல்லது எதுவோ அதுவே விதைக் கம்பெனியின் கணக்கில் நஷ்டம். துவரையில் மட்டும், மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுத் தன்மையைக் கொண்டு கலப்பின ரகம் உருவாக்கினார்கள், அது விதிவிலக்கு. அரசுப் பணமும் நீண்ட காலம் தானியங்களின் பக்கமே சாய்ந்திருந்தது. ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகள் பசுமைப் புரட்சிக்கு விதை போட்டபோது கோதுமையும் நெல்லும்தான் முன்னால் நின்றன. நீர்ப்பாசன வசதி உள்ள நல்ல நிலங்கள் அவற்றுக்குப் போயின, பயறு வகைகள் மானாவாரி ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. அதே இரண்டு அறக்கட்டளைகள்தான் 1967-இல் நைஜீரியாவின் இபாதானில் ஐஐடிஏ என்ற சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் ஏற்படுத்த உதவின. இன்று 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயறு விதை மாதிரிகள் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. அறக்கொடைப் பணம் செய்த தவறும் செய்த நன்மையும் இந்தத் துறையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

இனி கிர்க்ஹவுஸின் முக்கிய வேலைக்கு வருகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் தட்டைப்பயறு. நைஜீரியா, நைஜர், புர்கினா ஃபாசோ, மாலி, கானா, செனகல், கேமரூன், இந்த நாடுகளில் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குப் புரதம் இதில் இருந்துதான். விளைச்சலோ பல வயல்களில் எக்டேருக்கு அரை டன்னைத் தொட்டாலே பெரிது என்ற நிலை. அதற்கு ஒரு பெரிய காரணம் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை. நம்மில் பலருக்குச் சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி தெரியும். தட்டைப்பயறைத் தாக்குவது அதே குடும்பத்து இன்னொரு இனம், ஸ்டிரைகா ஜெஸ்னெரியாய்டிஸ். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும், தூசியைப் போல அவ்வளவு பொடியான விதை. மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் தட்டைப்பயறு வேர் வந்து, அது கசியவிடும் வேதிப்பொருளை உணர்ந்தால்தான் முளைக்கும். முளைத்து வேரைத் துளைத்து ஒட்டிக்கொண்டு, நிலத்துக்கு மேலே தலை காட்டும்போது பயிர் ஏற்கனவே வாடத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு பிடுங்கினாலும் மருந்தடித்தாலும் இழந்தது இழந்ததுதான். இதற்கு ஏழை விவசாயியிடம் கொடுக்கக்கூடிய ஒரே நல்ல தீர்வு, விதைக்குள்ளேயே எதிர்ப்புச் சக்தியை வைத்துக் கொடுப்பது.

அந்த எதிர்ப்புச் சக்தி போட்ஸ்வானாவின் ஒரு நாட்டு ரகத்தில் இருந்தது, அதன் எண் பி301. ஆனால் அதன் விதை சிறியது, சந்தையில் நிற்காது. சுடுமல்லியிலும் பல உட்பிரிவுகள் உண்டு, ஒரு நாட்டில் தாங்கும் ரகம் பக்கத்து நாட்டில் விழுந்துவிடும். பி301 பெரும்பாலான உட்பிரிவுகளைத் தாங்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிம்கோவின் குழு அந்த எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து 2009-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏ அடையாளங்கள், அதாவது மார்க்கர்கள், கையில் கிடைத்தன. இங்கேதான் இந்த டிரஸ்டின் வேலை தெரிகிறது. மார்க்கர் கண்டுபிடித்ததோடு விட்டிருந்தால் அது இன்னொரு கட்டுரையாக நின்றிருக்கும். அதை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தேசிய ஆராய்ச்சி நிலையங்களில் இருக்கும் பிரீடர்களின் அன்றாடக் கருவியாக மாற்றுவதற்குப் பணமும் பயிற்சியும் தந்தார்கள். நாடுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பாகவே அதை நடத்தினார்கள்.

இதனால் பிரீடருக்கு என்ன மிச்சம் என்று பாருங்கள். மார்க்கர் இல்லாமல் சுடுமல்லி எதிர்ப்பைச் சோதிக்க, களையின் விதையை மண்ணில் கலந்து, தொட்டியில் பயிரை வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். தாங்காத செடியின் வேரில் களை ஒட்டிய இடங்களில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். தாங்கும் செடியில் ஒட்டிய இடம் பழுப்பாகக் கருகி, களை அங்கேயே செத்திருக்கும். பார்க்க அழகான சோதனைதான். ஆனால் வேரைக் கழுவப் பிடுங்கிய செடியை மறுபடி நட்டு விதை எடுப்பது பெரும்பாடு. மார்க்கர் இருந்தால் நாற்றிலேயே ஒரு சின்ன இலைத்துணுக்குப் போதும். அதை எஃப்டிஏ அட்டை என்ற வேதிப்பூச்சுக் காகிதத்தில் வைத்து நசுக்கி, சாறை அட்டையில் இறக்கி, நிழலில் உலர்த்தினால் டிஎன்ஏ கெடாமல் இருக்கும், ஐஸ் பெட்டி வேண்டாம். வயலில் பச்சைக்கறை படிந்த அட்டைகளை உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கே கறையில் இருந்து ஒரு பொட்டளவு துளைத்து எடுத்துக் கழுவி, டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையை ஓட்டுவார்கள். எந்த நாற்றில் மரபணு இருக்கிறது என்று பூக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த நாற்றுகளை மட்டும் விவசாயிகளுக்குப் பிடித்த ரகத்தோடு மறுபடி மறுபடி சேர்த்து, சிறிய விதை போன்ற வேண்டாத குணங்களைக் கழித்துவிடலாம். மின்சாரம் நின்று நின்று வரும் ஆய்வகத்துக்கு, மாதிரியை அறை வெப்பத்திலேயே வைக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, குளிர்பெட்டி நின்றுபோன ஒரு காலையில் என்சைம் குப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள்தான் அறிவார்கள்.

விளைந்தது என்ன? நைஜீரியாவின் மகுர்டி வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தும் கானாவின் வடபகுதியில் உள்ள சவானா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தும் சுடுமல்லியைத் தாங்கும் ரகங்கள் வெளிவந்தன. கானா ரகம் ஒன்றுக்குப் பெயரே 'கிர்க்ஹவுஸ் பெங்கா'. பணம் தந்தவர் பெயரை ஒரு பயறு ரகத்துக்கு அந்நாட்டு பிரீடர்களே சூட்டியிருக்கிறார்கள் என்றால், உறவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அறிக்கைக்கு மேல் அறிக்கை கேட்டுப் படுத்தியவர்கள் பெயரை யாரும் செடிக்கு வைக்க மாட்டார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இவர்கள் எடுத்துக்கொண்டது ராஜ்மா. எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் பிரீடர்கள் இன்னொரு கூட்டமைப்பு. அங்கே பிரச்சினை ஒன்றல்ல: ஆந்த்ரக்னோஸ், கோண இலைப்புள்ளி, பித்தியம் வேரழுகல், மொசைக் வைரஸ். ஒன்றைத் தாங்கும் ரகத்தை மற்றொன்று கொன்றுவிடும். உகாண்டாவில் மக்கெரெரே பல்கலைக்கழகக் குழு ஒவ்வொரு நோய்க்கும் ஒன்றாக ஜி2333, மெக்சிகோ 54, ஆர்டபிள்யூஆர் 719, எம்சிஎம் 5001 என்ற நான்கு எதிர்ப்பு ரகங்களை எடுத்து, எல்லா எதிர்ப்பு மரபணுக்களையும் ஒரே செடிக்குள் அடுக்கும் வேலையைச் செய்தது. கண்ணால் பார்த்துப் பொறுக்கி இதைச் செய்யவே முடியாது. ஒரு எதிர்ப்பு மரபணு இருக்கும் செடியும் இரண்டு இருக்கும் செடியும் நோய்க்கு முன் ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். மார்க்கர் இருந்தால்தான் பிரித்தறிய முடியும்.

இன்னொரு பக்கம், ஒருவரும் கவனிக்காத பயறுகளுக்கும் தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். கொள்ளு, மொச்சை, டெபாரி பீன்ஸ் போன்ற, வறட்சியைத் தாங்கும் பயிர்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் மொச்சை ஆராய்ச்சிக்கு இவர்கள் பணம் போயிருக்கிறது. மொச்சையின் சிக்கல் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நாட்டு மொச்சை பகல் குறைந்தால்தான் பூக்கும், கொடி ஓடிக்கொண்டே இருக்கும், காய் ஒரே நேரத்தில் முற்றாது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எந்தப் பருவத்திலும் பூக்கும் எச்.ஏ. 4 போன்ற குட்டை ரகங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் உருவானவை. கொள்ளு பற்றி ஒரு விண்ணப்பம் எழுதிப் பெரிய நிதி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துப் பாருங்கள், அந்தப் பயிரின் பரப்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். பரப்பளவு குறைவாக இருப்பதே யாரும் மேம்படுத்தாததால்தானே. இந்த வட்டத்தை உடைக்கத் துணிந்த நிதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, அளவு. சிறிய டிரஸ்ட் சிறிய எண்ணிக்கையிலான குழுக்களைத்தான் தாங்க முடியும். வெளியில் இருந்து ஒரு இளம் பிரீடர் நுழைவது எளிதல்ல. இரண்டாவது, மார்க்கர் மீதான சாய்வு. மார்க்கர் ஒரு பெரிய மரபணுவைப் பின்தொடர்வதில் கெட்டி, நோய் எதிர்ப்பு, களை எதிர்ப்பு போன்றவை அதில் அடங்கும். விளைச்சல், வறட்சி தாங்குதல், வேகும் நேரம், ருசி, இவற்றை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்மானிக்கின்றன. அங்கே அட்டையும் பிசிஆரும் மட்டும் போதாது, வயலில் நடந்து பார்க்கும் கண் வேண்டும். ஆய்வகத்துக்குக் கிடைக்கிற பளபளப்பு வயல் உதவியாளருக்குக் கிடைப்பதில்லை. மாலையில் மொட்டைக் கீறத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. மூன்றாவது, ரகம் வெளியான பிறகு விதை. இது இவர்கள் ஒருவரின் குறை என்று சொல்ல மாட்டேன், சிறிய அறக்கட்டளைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பிரீடர் விதையில் இருந்து ஆதார விதை, அதில் இருந்து சான்று விதை என்று பெருக்க நிலம் வேண்டும், காவல் வேண்டும், கிடங்கு வேண்டும். ஆராய்ச்சிக்கான பணம் அங்கே நின்றுவிடுகிறது, வியாபாரத்துக்கான பணம் அங்கே வரை வருவதில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது கேட்ஸ் அறக்கட்டளையின் டிராபிகல் லெகூம்ஸ் திட்டங்கள்தான். அவற்றில் இரண்டாவது திட்டம் 2007 முதல் 2014 வரை, மூன்றாவது 2015 முதல் 2019 வரை. ஐக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்த, ஐஐடிஏவும் சியாட் என்ற இன்னொரு சர்வதேச நிறுவனமும் சேர்ந்துகொண்டன. நிலக்கடலை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, ராஜ்மா ஆகியவை கடைசிவரை இருந்தன. பணத்தின் அளவில் கிர்க்ஹவுஸை இதோடு ஒப்பிடவே முடியாது. எனக்குப் பிடித்தது இவர்கள் விதையைச் சின்னப் பொட்டலங்களில் விற்கச் செய்தது. மூட்டை விதை வாங்கப் பணமில்லாத பெண் விவசாயி, ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி, தன் வயலின் ஓரத்தில் போட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் அதையே பெருக்கிக்கொள்வார். பயறின் தன்மகரந்தச் சேர்க்கை கம்பெனிக்குத்தான் தடை, இங்கே அதுவே பலம். எத்தியோப்பியாவில் கொண்டைக்கடலை வளர்ந்ததில் இந்த நிதிக்கு நல்ல பங்கு உண்டு.

ஆனால் பெரிய பணத்தோடு பெரிய அட்டவணையும் வரும். எத்தனை டன் விதை, எத்தனை எக்டேர், எத்தனை குடும்பம் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணக்கூடிய வேலைக்கு முன்னுரிமை போய்விடும், எண்ண முடியாதது பின்னால் நிற்கும். கிராஸ் போடும் வேலை எண்ண முடியாதது. அப்புறம், ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் வரும்போது பயிர்களும் மாறும். மூன்றாம் திட்டத்துக்கு வரும்போது துவரையும் சோயாவும் பட்டியலில் இல்லை. துவரை பிரீடருக்கு அந்த ஒரு வரி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2025 மே மாதம் கேட்ஸ் அறக்கட்டளை 2045-இல் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. இருபது வருடம் நிறையத் தோன்றலாம். பயறு பிரீடருக்கு அது கிராஸில் இருந்து வயல் வரை இரண்டே சுற்று. இப்போது அவர்களோடு வேலை செய்பவர்கள் இரண்டாவது சுற்றின் விதைப் பெருக்கத்துக்கு யார் பணம் தரப்போகிறார்கள் என்பதை இன்றே யோசிக்க வேண்டும்.

மெக்நைட் அறக்கட்டளையை இந்த வரிசையில் வைப்பதா என்று கொஞ்சம் யோசித்தேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் குடும்ப அறக்கட்டளை அது. அவர்கள் பணம் ரகத்துக்குப் போவதைவிட, விவசாயிகளே சோதித்துப் பார்க்கும் முறைகளுக்கு அதிகம் போயிருக்கிறது. மலாவியில் அவர்கள் பல வருடம் ஆதரித்த வேலைகளில் பயறு முக்கியப் பயிர். அங்கே பரவிய ஒரு முறை துவரையையும் நிலக்கடலையையும் ஒன்றாக விதைப்பது. துவரை முதல் இரண்டு மாதம் தவழ்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் கடலை முடிந்துவிடும். பிறகு துவரை எழுந்து நிழல் கட்டும். இரண்டு பயிரும் காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், அடுத்த வருடம் அதே நிலத்தில் போடும் மக்காச்சோளத்துக்கு உரச்செலவு குறையும். புது ரகம் எதுவும் இல்லாமலே கிடைத்த லாபம். பிரீடர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தனியாக நிற்கும்போது அதிக விளைச்சல் தரும் துவரையைப் பொறுக்குகிறோம். விவசாயி அதை வேறொரு பயிரோடு சேர்த்துத்தான் போடுகிறார். அவர் வயலில் எப்படி நிற்கும் என்று பொறுக்கினால் முடிவு வேறாக வரும். நோக்கம் தெளிவாக இருக்கும் இவர்களிடம் ஒரு பிரீடர் போனால், முதல் நாளே விவசாயியோடு உட்காரச் சொல்வார்கள். அது நல்ல பழக்கம்.

அரசு நிதியைப் பற்றி எழுத வரவில்லை, ஆனால் 2025-ஐத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டபோது, அதன் நிதியில் நடந்த ஃபீட் த ஃபியூச்சர் என்ற வேளாண் திட்டத்தின் ஆய்வகங்கள் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. பயறு ஆராய்ச்சிக்கென்று இருந்ததும் சோயாவுக்கென்று இருந்ததும் அதில் அடக்கம். இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த சோயா ஆய்வகத்துக்குப் பிறகு ஒரு தனியார் நன்கொடை வந்து, வேலையின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகக் காப்பாற்றியது. வயலில் பயிர் நிற்கும்போது நிதி நின்றால் என்ன ஆகும் என்பதை ஏற்கனவே சொல்லிவிட்டேன். இந்த முறை அது பல நாடுகளில் ஒரே வாரத்தில் நடந்தது. அறக்கட்டளைகளால் அந்தப் பள்ளத்தை முழுவதும் நிரப்ப முடியாது. ஆனால் எங்கே நிரப்புவது என்று தேர்ந்தெடுக்க முடியும்.

எனவே இரண்டு தரப்புக்கும் என் யோசனை. இளம் பிரீடராக இருந்து, ஒரு தெளிவான மரபணு, ஒரு தெளிவான நோய், கைவசம் ஒரு நல்ல பெற்றோர் ரகம் இருக்கிறதென்றால், கிர்க்ஹவுஸ் மாதிரி அமைப்பைத் தேடுங்கள். அவர்கள் பணத்தோடு பயிற்சியையும் வழிகாட்டியையும் தருவது பல ஆய்வகங்களை நிமிர்த்தியிருக்கிறது. ரகம் தயாராகி, விதை போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், பெரிய திட்டங்களின் கதவைத் தட்டுங்கள், அட்டவணைக்கு ஒரு ஆளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பிரச்சினை என்னவென்றே இன்னும் தெளிவில்லை என்றால், விவசாயிகளோடு உட்காரச் சொல்லும் நிதிக்குப் போங்கள்.

பணம் தர நினைப்பவர்களுக்கு: ஒரு தொகையை மூன்று வருடத்துக்குப் பெரிதாகத் தருவதற்குப் பதில், அதையே பத்து வருடத்துக்குப் பிரித்துச் சிறிதாகத் தாருங்கள். புதுக் கருவி வாங்கத் தருவதைவிட, ஒரு குளிர் விதைக் கிடங்கு மின்சாரம் போனாலும் இயங்கத் தாருங்கள். கிராஸ் போடத் தெரிந்த வயல் உதவியாளர்களின் சம்பளத்தை நிதி விதிகளில் அனுமதிக்கப்பட்ட செலவாக எழுதுங்கள். நான் பார்த்த விதிகளில் மாநாட்டுக்குப் போகும் பயணச்செலவுக்கு இடம் இருக்கிறது, அந்தச் சம்பளத்துக்கு இல்லை.